மலையடியில் கழற்றிவைத்த ஷூ

மூன்று பேரைக் கூட்டி வருவதற்காகத்தான் ஜப்பானுக்குப் போனேன். அதில் ஒருவன் என் மகன். வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சின்னப் பானைக்குள் அவன் இருந்தான். மற்ற இருவர் அவன் பெண்டாட்டியும் அவன் பெற்ற பெண்ணும்.

மகன் எங்கள் மலையை விட்டு இறங்கிக் கீழ்நாட்டில் பாலிடெக்னிக் படித்தான். லேத் வேலையில் கை நன்றாகப் பழகி, ஜப்பானில் ஒரு சின்ன ஊரில் மெஷின் செய்கிற கம்பெனிக்குப் போனான். பேளுக்குறிச்சிப் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அவளையும் கூட்டிப்போனான். குழந்தை அங்கேயே பிறந்தது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மறுபடி எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள். நாற்பது வயது ஆகவில்லை.

எங்கள் சனத்தில் செத்தவரை மண்ணுக்குத்தான் கொடுப்போம். அங்கே நெருப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். எரித்த பிறகு எலும்பை ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் ஒருவர் நின்று, குச்சியால் இரண்டு பேருமாகச் சேர்த்து எடுத்துப் பானையில் போடவேண்டுமாம். சொந்தக்காரர் யாரும் இல்லை. அடுத்த வீட்டு ஜப்பான்காரக் கிழவி வந்து எதிரே நின்றாளாம். என் மருமகளும் அவளுமாக என் மகனைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். இதைப் போனில் கேட்ட அன்றைக்குத்தான் பாஸ்போர்ட் எடுக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

கிளம்பும் முன்பு வீட்டோடு ஒட்டி ஒரு அறை கட்டச் சொல்லிவிட்டேன். குழந்தை அங்கே பழகியிருக்கும் என்று நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூசும் வைக்கச் சொன்னேன். கொத்துக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அவுங்க வருவாங்களோ மாட்டாங்களோ, அதுக்குள்ள எதுக்குங்க ரூமு?"

"வராம எங்க போவாங்க? நீ செங்கல்ல எறக்கு" என்றேன்.

நான் கேட்டு யாரும் இல்லை என்று சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில்தான் விமானம் ஏறினேன்.

அவர்கள் வீடு மாடியில் இருந்தது. இரண்டு அறைதான். வாசலுக்குள் நுழைந்தவுடன் தரை ஒரு படி தாழ்ந்திருக்கும். அங்கே ஷூவைக் கழற்றி, மூக்கு வெளியே பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே ஏறவேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் மலைமேல் பெரக்கரை நாட்டில் பழைய ஆட்கள் காட்டுக்குள் செருப்புப் போடமாட்டோம். சாமி இருக்கிற குன்றுக்குப் போனால் அடிவாரத்திலேயே விட்டுவிடுவோம். செருப்பைக் கழற்றத் தெரிந்த சனம் கெட்ட சனமாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

சமையலறைக்குப் போய்ப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் சீட்டு. உப்பு டப்பாவில், குழாயில், அரிசிப் பெட்டியில், ஜன்னலில், போனில். மேலே அந்த ஊர் எழுத்து, கீழே தமிழ்.

"என்ன அம்மிணி இது? ஊட்டுக்கு மந்திரம் கட்டி வெச்சிருக்கியா?"

"பரீட்சைங்கத்தே" என்றாள்.

பிறகு விவரமாகச் சொன்னாள். அவள் அங்கே இருந்தது புருசன் விசாவில். அவன் போனதோடு அந்த விசாவும் முடிகிறது. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலை கிடைத்தால் சொந்த விசா. ஆனால் அதற்கு ஜப்பான் மொழிப் பரீட்சையில் பாஸாக வேண்டும்.

"பாஸாகலீன்னா?"

"ஊருக்குத்தானுங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. மனதில் இருப்பதை மறைத்துப் பழக்கமில்லை.

"அப்ப பெயிலாயிரு கண்ணு. என்ற வேல சுலுவாப் போயிரும்."

"பெயிலாவறதுக்கும் அங்க போயி உக்காரோணுமுங்கத்தே" என்று சொல்லிச் சிரித்தாள். நான் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன். இரண்டு பேரும் பானை இருந்த பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டோம்.

காலையில் அவள் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிற ஒரு இடத்துக்கு வேலைக்குப் போவாள். போகிற வழியில் குழந்தையைப் பள்ளியில் விடுவாள். வாசலில் நின்று இருவரும் 'இத்தே கிமாஸ்' என்பார்கள். உள்ளே இருக்கிறவர் 'இத்தெராஷாய்' என்று சொல்லவேண்டும். நம்முடைய 'போயிட்டு வாரேன்', 'போயிட்டு வா' என்பதேதான். அவர்கள் போன பிறகு நானும் பானையும். மலையிலிருந்து கொண்டுபோன சாமையை ஆக்குவேன். ராகிக்களி கிண்டுவேன். பேத்தி களியை விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

"அப்பத்தா, இது மண்ணா?"

"மண்ணுதான். தின்னா உங்கப்பனாட்டம் வளருவ."

சோயா ஊற்றித் தின்றாள். களிக்குச் சோயா ஊற்றித் தின்ற ஒரே ஆள் எங்கள் வம்சத்தில் அவள்தான்.

வேலை முடிந்து வந்ததும் மருமகள் படிக்க உட்காருவாள். சீட்டுகளைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிடுவாள். நான் தமிழைப் படித்துக் கேட்கவேண்டும், அவள் ஜப்பானில் சொல்லவேண்டும். எனக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் எழுத்து தெரியும். அதையும் பெரியவளாகி ஒரு பிள்ளை பெற்ற பிறகுதான் கற்றேன். நான் 'ச... ம... ய... ல்...' என்று எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவள் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குக் காத்திருப்பாள்.

"அத்தே, பரீட்சைல உங்களாட்டம் மெதுவாக் கேட்டாங்கன்னா நான் தூங்கிருவேன்."

"நாங் கேக்கறது கேள்வி. நீ சொல்றது பதிலுன்னு எனக்கென்ன தெரியும்? சும்மா எதையாவது சொல்லிட்டு இருக்கியோ என்னமோ."

அவள் சொல்வது சரியா என்று பார்க்க நானும் அந்த வார்த்தைகளை மனதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஏமாந்துபோகக் கூடாது பாருங்கள். அப்படித்தான் அந்த மொழி எனக்குள் வந்தது. ஆசைப்பட்டுப் படித்ததில்லை. தென்வா என்றால் போன். குட்சு என்றால் ஷூ. முசுமே என்றால் மகள். பென்க்யோ என்றால் படிப்பு. நான் கேட்கக் கேட்க அவளுக்குச் சரளமாக வந்தது. நான் உதவ உதவ அவள் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் சீட்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை. புருசனை இழந்த பெண் எதையோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறபோது அந்தக் கையைத் தட்டிவிடுவது எப்படி?

சனிக்கிழமைகளில் ஊர்ப் பொதுக்கூடம் ஒன்றில் இனாமாக வகுப்பு நடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நான் குழந்தையை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் எல்லோரையும் அவரவர் ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னவர், என்னிடமும் கையை நீட்டினார். மருமகள் மெதுவாக, "யமான்னு சொல்லுங்கத்தே. மலைன்னு அர்த்தம்" என்றாள்.

"மலைக்கா எமன் பேர வெச்சிருக்காங்க? நல்ல ஊரு."

"சொல்லுங்கத்தே, எல்லாரும் பாக்கறாங்க."

"யமா" என்றேன். அது போதாது என்று தோன்றியது. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறினால் வளைந்து வளைந்து மேலே வருவோமே, அதை விரலால் காற்றில் இப்படியும் அப்படியுமாகப் போட்டுக் காட்டிக்கொண்டே போனேன். வளைவு முடிகிற பாடாக இல்லை. என் கை தலைக்கு மேலே போய்விட்டது. கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவர் என்னைக் கும்பிடுகிற மாதிரி குனிந்தார். என் மருமகள் அன்று என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. அவள் அங்கே ஒரு ஆளாக இருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எழுந்து பதில் சொன்னாள்.

ஒருநாள் துணி மடிக்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன்.

"நம்ம ஊருக்கே வந்துரு கண்ணு. ரூமு எடுத்திருக்கேன். காடு இருக்குது, மொளகு இருக்குது. உங்களுக்கு ஒரு கொறையும் வராது."

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டை என் மகனுடையது. யாரும் போடாத சட்டையைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க வந்தா நான் ஒரு மூலையில உக்காரோணுமுங்கத்தே. நல்லது கெட்டதுன்னா பின்னால நிக்கோணும். நீங்க நல்லாத்தான் பாத்துக்குவீங்க. உங்களுக்கப்பறம்? இங்க கஷ்டந்தான். ஆனா நின்னுட்டாவது இருப்பனுங்க."

"நான் செத்தா பாத்துக்கலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நானும் தாலி அறுத்தவள்தான். மூலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நல்ல குளிர். மருமகள் பென்சிலைச் சீவிச் சீவி வைத்தாள். என் கழுத்தில் எப்போதும் ஒரு அட்டை தொங்கும். அவள் போன் நம்பரும் விலாசமும் அந்த ஊர் எழுத்தில் எழுதியிருக்கும். நான் வெளியே போனால் வழி தவறக் கூடாது என்று மாட்டிவிட்டது.

"இன்னைக்கு மட்டும் யாரும் எனக்குப் போன் பண்ணாமப் பாத்துக்கங்கத்தே. பரீட்சை நடக்கறப்ப போன் அடிச்சா எந்திரிச்சு வெளிய போன்னு சொல்லிருவாங்க. அதோட போச்சு."

"அணச்சு வெச்சிரு."

"அணச்சிருவேன்" என்றாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் அணைக்கமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. புருசன் விழுந்த காலையிலிருந்து அவள் போனை அணைத்ததே இல்லை.

அவள் போன பிறகு பேத்தி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மலை. கல் படிக்கட்டு, அடியில் சிவப்பு வாசல், உச்சியில் அந்த ஊர்ச் சாமி. ஞாயிற்றுக்கிழமையானால் அப்பன் அங்கே கூட்டிப்போவானாம். போனோம். வாசலுக்கு வந்ததும் எனக்கு உடம்பு தானாகக் குனிந்தது. ஷூவையும் காலுறையையும் கழற்றினேன்.

"எதுக்கு அப்பத்தா?"

"சாமி இருக்கற மலைல செருப்போட ஏறுவாங்களா? நீயும் கழட்டு தங்கம்."

அவள் சந்தோஷமாகக் கழற்றினாள். வீட்டில் வைப்பதைப் போலவே தன் ஷூவையும் என் ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில், மூக்கு வெளியே பார்க்கத் திருப்பி வைத்தாள்.

கல் சில்லென்று இருந்தது. பேத்தி குதித்துக் குதித்து ஏறினாள். எனக்கு, அந்தத் தேசத்துக்கு வந்து அன்றைக்குத்தான் காலில் உயிர் வந்தது. என் மகனும் இதில் வெறுங்காலோடு ஏறியிருப்பானா என்று கேட்டேன். "அப்பா ஷூ போட்டிருந்தார்" என்றாள். சரி, அவன் மறந்துவிட்டான். அல்லது குளிரியிருக்கும்.

மேலே மணிக்கயிற்றை ஆட்டிவிட்டுக் கும்பிட்டோம். பாஸாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெயிலாக வேண்டும் என்றும் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் ஒருத்தி அழவேண்டி வரும். சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

இறங்கும்போது பேத்தி வேறு பக்கம் ஊஞ்சலைப் பார்த்துவிட்டு ஓடினாள். அந்தப் பக்கமும் ஒரு பாதை இருந்தது. அப்படியே இறங்கி, விளையாடிவிட்டு, ரோட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வரலாம் என்று நடந்தோம். நாய் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண் எங்கள் காலைப் பார்த்து நின்றாள். என்னவோ கேட்டாள். 'ஒன்றும் இல்லை' என்பதற்கு அங்கே தைஜோபு என்பார்கள். அதைச் சொல்லிவிட்டு நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் போலீஸ் கார் வந்து நின்றது. ஒரு வயதானவரும் ஒரு சின்னப் பெண்ணும் இறங்கினார்கள். அந்தப் பெண் போலீஸ் ரோட்டிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்து எங்கள் காலைத் தொட்டுப் பார்த்தாள். அந்த ஊரில் புத்தி தடுமாறிய வயதானவர்கள் செருப்பில்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுவார்களாம், ஊரே ஒலிபெருக்கியில் சொல்லித் தேடுமாம். இது பிறகு மருமகள் சொல்லித் தெரிந்தது. வெறுங்காலில் ஒரு கிழவி, கூட வெறுங்காலில் ஒரு குழந்தை. அவர்கள் என்ன நினைப்பார்கள்?

பேத்திக்கு அந்த மொழி தண்ணீர் மாதிரி. அவள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அப்பனைத் தூக்கிக்கொண்டு போக அன்று வந்தவர்களும் இதே மாதிரி சட்டை தொப்பியோடு வந்தவர்கள்தான். என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாய் திறக்கவில்லை.

பெண் போலீஸ் என் கழுத்துக் கயிற்றைப் பார்த்துவிட்டாள். "தென்வா?" என்று கை நீட்டினாள்.

அட்டை ஸ்வெட்டருக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும். அங்கே போன் அடிக்கும், அவளை எழுப்பி அனுப்பிவிடுவார்கள். தை பிறப்பதற்குள் மூன்று பேரோடும் எங்கள் மலை ஏறிவிடலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. எதுவும் தெரியாத கிழவி, போலீஸ் கேட்டது, கொடுத்தாள். இவ்வளவும் எனக்கு அந்த ரோட்டில் நின்றபடியே தோன்றியது.

ஆனால் நான் பிச்சைக்காரி இல்லை. ஒரு பெண் உட்கார்ந்து படித்ததைப் போன் மணியால் பறித்துக்கொண்டு வந்து என் அறையில் குடி வைக்கமாட்டேன். வருவதானால் அவளாக வரவேண்டும்.

அட்டையை இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன். "தென்வா, நை" என்றேன். போன் வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை, இல்லை என்றுதான் சொல்லத் தெரிந்தது. பிறகு மலையைக் காட்டி "யமா" என்றேன். கும்பிட்டுக் காட்டி, சாமி என்பதற்கு "காமிசாமா" என்றேன். என் காலைக் காட்டி, மலைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டி "குட்சு, அசொகோ" என்றேன். அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தையின் அம்மா எங்கே என்று கேட்கிறார்கள் என்று புரிந்தது. மருமகளுக்கு அந்த மொழியில் என்ன சொல்வார்கள் என்று எந்தச் சீட்டிலும் இல்லை.

"முசுமே" என்றேன். "முசுமே, பென்க்யோ." என் மகள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

காரில் ஏற்றி மலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிவப்பு வாசலுக்கு அடியில் இரண்டு ஜோடி ஷூ, வைத்தது வைத்தபடி, வெளியே பார்த்துக்கொண்டு இருந்தன. பெண் போலீஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து என் பேத்தியின் காலைத் துடைத்து அவளே ஷூ மாட்டிவிட்டாள். வயதானவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். வீடு வரை வந்து, அடுத்த வீட்டுக் கிழவி கதவைத் திறந்து எங்களை உள்ளே அழைத்துக்கொண்ட பிறகுதான் போனார்கள்.

மருமகள் வந்ததும் குழந்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. போலீஸ் முன்னால் வராத வார்த்தை அம்மா முன்னால் கொட்டியது.

"ஏனுங்கத்தே, கழுத்துல கார்டு இருந்துதில்லீங்க?"

"இருந்துது."

"அப்பறம் குடுக்க வேண்டியதுதானுங்களே?"

"உனக்குப் போன் அடிக்குமல்ல."

அவள் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், ஒரு ஷூவைக் கழற்றியும் ஒன்றைக் கழற்றாமலும். "அணைக்கலீங்கத்தே. பையிலயேதான் வெச்சிருந்தேன்."

"தெரியும்."

"பெயிலாயிருன்னு சொன்னது நீங்கதானுங்களே?"

"பெயிலானா நீ ஆவோணும். நான் ஆக்கக் கூடாது. எந்திரி, காப்பி ஆறுது."

நான் திரும்புகிற நாள் வரைக்கும் முடிவு வரவில்லை. போகும் முன்பு பானையை அவளே எடுத்து என் மடியில் வைத்தாள். "அவரக் கூட்டிட்டுப் போங்கத்தே. அவருக்கு மண்ணுதான் புடிக்கும்" என்றாள். துளி போல ஒரு எலும்பை மட்டும் தனக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. விமான நிலையத்தில் பேத்தி, தினமும் காலையில் நான் அவளுக்குச் சொன்னதைப் போல, 'இத்தெராஷாய்' என்றாள். போய்விட்டு வா என்று. அதற்கு நான் சொல்லவேண்டிய பதில் எனக்குத் தெரியும். வருகிறேன் என்று சொல்லவேண்டும். இந்த வயதில் இனி எங்கே வருவது? அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

மகனைக் காட்டு ஓரத்தில், அவன் அப்பனுக்குப் பக்கத்தில் மண்ணுக்குக் கொடுத்தோம். நெருப்பு பார்த்தவன் என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். "எம் புள்ள எனக்குத் தெரியும், நீ மம்புட்டியப் புடி" என்றேன்.

புது அறை சுண்ணாம்பு வாசனையோடு இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி போட்டு, தரை வழவழவென்று இருந்தது. மிளகு பறிக்கிற நேரம், வீட்டில் மூட்டை வைக்க இடமில்லை. அறையில் வைக்கலாமா என்று வேலையாட்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். திண்டாடிப்போய் வெளியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். பனியில் மிளகு நமுத்துப் போகும் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் வேண்டாம் என்றேன்.

மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறினேன்.

"அத்தே..." என்றாள். அவள் குரலிலேயே தெரிந்துவிட்டது.

"பாஸா?"

"பாஸுங்கத்தே."

"நல்லது கண்ணு" என்றேன். "நல்லாப் படிச்ச."

அவள் அழுதாள். நான் அழவில்லை. குழந்தையிடம் போனைக் கொடுத்தாள். அது ஜப்பானில் வேகமாக என்னவோ சொல்லிக்கொண்டே போனது. முன்பு பாதியாவது புரியும். இப்போது இரண்டு மூன்று வார்த்தைதான் பிடிபட்டது. கேட்க ஆள் இல்லாததால் எனக்கு எல்லாம் உதிர்ந்துகொண்டு இருக்கிறது. யமா மட்டும் இருக்கிறது. ஜன்னலுக்கு என்ன, உப்புக்கு என்ன என்று இப்போது கேட்டால் தெரியாது.

இறங்கி வந்து அறைக் கதவைத் திறந்துவிட்டேன். "அந்த மூட்டையெல்லாம் உள்ள வெய்யுங்க. பனி எறங்கறதுக்குள்ள வெச்சிருங்க" என்றேன். அவர்கள் காலில் ஒட்டிய மண்ணோடு உள்ளே போய் வந்தார்கள். வழவழ தரையெல்லாம் மண் ஆனது. பிறகு நானே கூட்டிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.